மாட்டுக்கொட்டகை வரைக்கும் வைஃபை

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வீடு கட்டியிருக்கிற முறைக்கும் வைஃபைக்கும் ஏழாம் பொருத்தம். ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து வருகிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் முன்ஹாலில் டிவிக்கு மேலே ரவுட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அங்கிருந்து பின்பக்கம் போக ஹால், சமையலறை, ஸ்டோர் ரூம் என்று மூன்று சுவர். பழைய வீடென்றால் அதில் ஒன்று ஒன்றரை அடிக் கருங்கல் சுவராக இருக்கும். அதையும் தாண்டித்தான் துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, மாட்டுக்கொட்டகை, மோட்டார் ரூம், அதற்கப்பால் மாமரங்கள். கொட்டகைக்கு ஒரு கேமரா, மோட்டாருக்கு ஒரு வைஃபை ஸ்விட்ச், மரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து பார்க்க ஒரு வீடியோ கால் என்று ஒவ்வொன்றாகத் தேவை வரும்போதுதான் பின்கதவோடு சிக்னல் நின்றுபோவது தெரியும்.

கடையில் கேட்டால் ஆறு ஆன்டெனா உள்ள பெரிய ரவுட்டரைக் காட்டுவார்கள். அதை வாங்க வேண்டாம். ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் போன் பதில் சொல்லியாக வேண்டும். போனுக்குள் இருக்கிற ரேடியோ சின்னது. முழுக் கட்டை சிக்னல் காட்டியும் மெசேஜ் போகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: கேட்க முடிகிறது, பேச முடியவில்லை.

உண்மையில் தடையாக இருப்பது தூரம் இல்லை, சுவர். கணக்காகவே பார்க்கலாம். ரவுட்டர் 20 டிபிஎம் (சிக்னல் பலத்தை டெசிபலில் சொல்லும் அளவு) சக்தியில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் (பேண்டு) ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளியில் முதல் மீட்டரிலேயே 40 டெசிபல் போய்விடும். அதன் பிறகு தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 15 மீட்டரில் மொத்த இழப்பு சுமார் 64. ஆக, போனுக்குக் கிடைப்பது 20 கழித்தல் 64, மைனஸ் 44; மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் சின்னதாக இருக்க இருக்க நல்லது. இது அருமையான சிக்னல். நடுவில் இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வந்தால் ஒன்றுக்கு எட்டு வீதம் பதினாறு கழியும், மைனஸ் 60. அடுத்துக் கருங்கல் சுவரோ கம்பி கட்டிய கான்கிரீட்டோ வந்தால் இன்னும் பதினைந்து, இருபது போகும். மைனஸ் 80-ஐ நெருங்கிவிட்டால் இணைப்பு நிற்பதே கஷ்டம். இதே ரவுட்டரைச் சுவருக்கு வெளியே வைத்து 60 மீட்டர் தள்ளி நின்றால் இழப்பு சுமார் 76, கிடைப்பது மைனஸ் 56. மூன்று சுவருக்குப் பின்னால் 15 மீட்டரில் நிற்பதைவிட வெட்டவெளியில் 60 மீட்டரில் நிற்பது எவ்வளவோ மேல். சுவரின் இழப்பு கல்லையும் ஈரத்தையும் பொறுத்துக் கூடும் குறையும். 5 கிகாஹெர்ட்ஸில் எல்லாமே இன்னும் மோசம்: காற்றிலேயே ஏழு டெசிபல் கூடுதலாகப் போகும், சுவரில் அதைவிட அதிகம்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். சிக்னலைச் சுவர் வழியாகத் தள்ளாமல், வயரைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் அங்கே ரேடியோவை மாட்டுவது.

எதையும் வாங்குவதற்கு முன் போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுக்கொண்டு பின்பக்கம் முழுக்க ஒரு நடை நடந்துவிடுங்கள். வீடியோ காலுக்கு மைனஸ் 67-க்குள் இருக்க வேண்டும். மைனஸ் 75 வரை வாட்ஸ்அப் ஓடும், அதற்குக் கீழே நம்ப முடியாது. எந்த இடத்தில் சட்டென்று இருபது குறைகிறதோ அங்கேதான் உங்கள் எதிரிச் சுவர் இருக்கிறது. தகர ஷீட், கலர் ஷீட், இரும்புக் கதவு, தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் டேங்க் இவையும் அந்தக் கட்சிதான். சிமென்ட் ஷீட், ஓலை, பலகை இவை பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

பல வீடுகளுக்கு மிக மலிவான வழி, ஃபைபர்காரரைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியையே பின்பக்க அறைக்கு மாற்றச் சொல்வது. அவருக்கு இன்னும் இருபது முப்பது மீட்டர் டிராப் கேபிள் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர்) இழுக்கிற வேலைதான். பின்பக்க ஜன்னலோரம் பெட்டி வந்துவிட்டால் முற்றம் வரை சிக்னல் தானாக வரும். முன்ஹாலில் டிவி தடுமாறினால் அதற்கு மட்டும் ஒரு லேன் வயர் போட்டுக்கொள்ளலாம்.

பழைய ரவுட்டர் ஒன்று அலமாரியில் தூங்கினால் அதையும் பயன்படுத்தலாம். ரீசெட் செய்து, லேப்டாப்பை அதில் மட்டும் இணைத்து, அதன் முகவரியை மாற்றுங்கள். மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு டிஹெச்சிபியை, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மெயினில் இருப்பது போலவே கொடுங்கள், சேனல் மட்டும் வேறு. கடைசியாக, மெயினின் லேன் போர்ட்டிலிருந்து வரும் வயரை இதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள், வெளியிலிருந்து நெட் வாங்கும் வேன் (WAN) போர்ட்டில் அல்ல. ஆக்சஸ் பாயின்ட் மோடு (வயரில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் பரப்பும் முறை) என்று ஒரு பட்டன் இருந்தால் முக்கால்வாசி வேலை அதுவே பார்த்துக்கொள்ளும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வருவது ஒரு விசித்திரமான கோளாறு: சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வைஃபை இணைந்தும் நெட் வராது, நாளைக்கு அது இடம் மாறும். இரண்டு பெட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுப்பதால் வரும் வினை இது. வேன் போர்ட்டில் சொருகினால் நெட் வரும், ஆனால் அது தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். முன்ஹால் டிவியிலிருந்து கொட்டகைக் கேமராவைப் பார்க்க முடியாது.

இந்த ரவுட்டரை வீட்டுக்குள்ளேயே பின்ஜன்னலோரம் வையுங்கள். தகர டப்பாவில் போட்டு வெளியே மாட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தகரம் சிக்னலையும் அடைக்கும், வெயிலில் அடுப்பாகவும் ஆகும். வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதைத் தாண்ட அரை மணி நேரம் போதும்.

ரிப்பீட்டர் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுப்பதால் வேகம் பாதியாகும். வயர் இழுக்கவே முடியாத வாடகை வீட்டுக்கு அது சரி. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் ரிப்பீட்டரைச் சொருகுவதுதான் வழக்கமாக நடக்கிறது. வாங்குவதற்கே ஒன்றும் இல்லாத இடத்தில் அது எதைக் கொடுக்கும்? மைனஸ் 65 வரை நன்றாக வாங்குகிற இடத்தில் வைத்தால்தான் அதற்கு வேலை. மின்சார வயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர்களை இன்வெர்ட்டரும் மூன்று ஃபேஸும் கலந்த நம் வீட்டு வயரிங்கில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முறையான வழிக்கு வருவோம். வீட்டின் பின்சுவரில் வெளிப்பக்கமாக ஓர் அவுட்டோர் ஆக்சஸ் பாயின்ட். தூசியும் மழையும் புகாது என்பதற்கான ஐபி65 அல்லது அதற்கு மேல் குறியீடு உள்ளதாகப் பாருங்கள். டிபி-லிங்க் இஏபி225 அவுட்டோர் போன்றவை மைனஸ் 30 முதல் 70 டிகிரி வரை தாங்கும் என்று குறிப்பிடப்பட்டவை, இரண்டு பேண்டும் உண்டு. இதற்கு லேன் வயரிலேயே கரண்டும் போய்விடும். அதைத்தான் பிஓஇ என்கிறார்கள். வெளியே பிளக் பாயின்ட் தேவையில்லை. இன்ஜெக்டர் என்ற சிறு டப்பா வீட்டுக்குள் ரவுட்டர் பக்கத்தில் இருக்கும். அதையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் கொட்டகைக் கேமரா கண்ணை மூடாது. இரண்டும் சேர்ந்து இருபது வாட் அளவில்தான் இழுக்கும். மோட்டார் ரூமில் கரண்ட் இருக்கிறதே, அங்கேயே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். விவசாய இணைப்பில் மும்முனை மின்சாரம் நேரம் பார்த்து வரும், வோல்டேஜ் ஏறி இறங்கும், சின்ன அடாப்டர்கள் அதில் நெடுநாள் நிற்காது. இலவச இணைப்பை வீட்டுச் சாமானுக்குத் திருப்புவது முறையும் இல்லை.

பிஓஇ வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 802.3ஏஎஃப் என்றால் 48 வோல்ட் வகை. எதிர்முனையில் ஏற்ற சாதனம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கரண்ட் அனுப்பும். பாஸிவ் 24 வோல்ட் என்றால் எதையும் கேட்காமல் அனுப்பிவிடும். அந்த வயரைத் தவறுதலாக லேப்டாப்பில் சொருகினால் போர்ட் போய்விடலாம். பாஸிவ் இன்ஜெக்டரில் பிஓஇ, லேன் என்று இரண்டு ஓட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும். பிஓஇ ஓட்டையில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

இனி கேபிள். இந்த வேலை வெற்றியா தோல்வியா என்று தீர்மானிப்பது ஆக்சஸ் பாயின்ட் இல்லை, கேபிள்தான். கேட்டு வாங்க வேண்டியது அவுட்டோர் கேட் 6 (லேன் வயரின் ஒரு தரம்), கறுப்பு பாலித்தீன் உறை, சுத்தச் செம்பு. வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற பிவிசி கேபிளை வெயிலில் விட்டால் உறை வெளுத்து வெடிக்கும், வெடிப்பில் மழைநீர் இறங்கும், கேபிளுக்குள்ளேயே ஓடிப் பிளக்கில் பச்சைப் பூசணம் மாதிரிக் களிம்பு பிடிக்கும். மலிவு கேபிள்களில் பெரும்பாலானவை அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியவை. கடையிலேயே சோதித்துவிடலாம்: ஒரு கம்பியை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். ஐந்தாறு முறை மடக்கினாலே ஒடிந்துவிடும். அதில் மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. நீளமான ஓட்டத்தில் ஆக்சஸ் பாயின்ட் சும்மா இருக்கும்போது வேலை செய்யும், நாலு பேர் வீடியோ பார்த்தால் வோல்டேஜ் இறங்கித் தானாக ரீஸ்டார்ட் ஆகும். சாமானைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். குற்றவாளி கேபிள்.

ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர்தான் எல்லை. பின்சுவருக்கு வெளியே மாட்டப் பதினைந்து, இருபது மீட்டர் போதும். அங்கிருந்து வெட்டவெளியில் 40, 50 மீட்டர் வரை நன்றாக எட்டும். பெரும்பாலான வீடுகளுக்குப் பள்ளம் தோண்டும் வேலையே வராது.

சுவரில் துளை: செங்கல் என்றால் 10 மில்லிமீட்டர் நீள பிட் போதும், கேபிளை நுழைத்த பிறகு அதன் முனையில் லேன் பிளக் அடித்துக்கொள்ளலாம். பிளக்கோடு நுழைக்க நினைத்தால் பெரிய ஓட்டை வேண்டும். கருங்கல் சுவரில் கல்லோடு மல்லுக்கட்டாதீர்கள், இரண்டு கல்லுக்கு நடுவே சாந்துச் சந்து பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வென்டிலேட்டர் வழியாக எடுங்கள். துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரிய வேண்டும். வெளியே கேபிள் துளைக்குள் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பிறகு சிலிக்கான் பூசுங்கள். ஆக்சஸ் பாயின்டின் பிளக் ஓட்டை எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அதோடு வந்த ரப்பர் மூடியைத் தூக்கிப் போடக் கூடாது.

பிளக் அடிக்கும் வரிசை, கொக்கி கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. அவுட்டோர் கேட் 6 கம்பி தடிமன், கேட் 5 பிளக்கில் இறங்காது. கேட் 6 பிளக்காகவே பத்து வாங்கிக்கொள்ளுங்கள், நாலைந்து வீணாகும். வெளியுறை பிளக்குக்குள் போய்க் கடிபட வேண்டும். வெறும் கம்பிகள் வெளியே தெரிந்தால் ஆறு மாதத்தில் ஒரு கம்பி விடும். எட்டு விளக்கு டெஸ்டரில் எல்லாம் எரிந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ரவுட்டர் பக்கத்தில் லிங்க் வேகத்தையும் பாருங்கள். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால், அல்லது ஸ்பீட் டெஸ்ட் எப்போது பார்த்தாலும் 94, 95-லேயே நின்றால், ஏதோ ஒரு ஜோடி சரியாகச் சேரவில்லை.

மோட்டார் ரூம் வரை கேபிளே வேண்டும் என்றால், உதாரணமாக 150 அடிக்கு, ஏற்ற இறக்கமும் இரு முனையில் ஒவ்வொரு மீட்டர் மிச்சமும் சேர்த்து 60 மீட்டர் கேபிள், பத்தடி நீள 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் பதினைந்து, நீள் வளைவு நாலு. எல்போ போடாதீர்கள், கேபிள் அதில் திரும்பாது. பள்ளம் ஒன்றரை அடி, பவர் டில்லர் ஓடும் இடத்தில் இரண்டு அடி. பைப்பைப் போடும்போதே உள்ளே இரண்டு நைலான் கயிறு விட்டுவிடுங்கள், ஒன்று கேபிளை இழுக்க, இன்னொன்று நாளைக்கு. மோட்டார் கேபிள் போகும் பைப்பிலேயே இதையும் திணிப்பது ஆபத்து. ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்குப் போடும் சோலார் மின்வேலிக்கும் இதே விதிதான். அது விநாடிக்கு ஒரு முறை போல ஆயிரக்கணக்கான வோல்ட்டில் துடிக்கும், அதன் ஓரமாகவே லேன் வயரைக் கட்டினால் போர்ட்டுக்கு உத்தரவாதம் இல்லை. பைப் முனைகளை எலி நுழையாதபடி கம்பி வலைச் சுருளால் அடையுங்கள். அடியில் பாறையாக இருந்து தோண்ட முடியாவிட்டால் காம்பவுண்டு சுவரோரம் பைப்பை இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் வைத்து ஓட்டிவிடலாம்.

மாட்டும் உயரம் எட்டு முதல் பத்தடி. வேலிக் கல்லுக்கால் இருந்தால் அதைவிட நல்ல கம்பம் கிடையாது, கல்லைத் துளைக்க வேண்டாம், இரண்டு ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். இரும்புக் கம்பத்தில் மாட்டினால் ஆன்டெனா இரும்பிலிருந்து ஓர் அடி விலகி நிற்கட்டும். உயரம் கூடக் கூட நல்லது என்று மொட்டை மாடி டேங்க் மேலே ஏற்றிவிடாதீர்கள். குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் பரப்பும், காலடியில் சிக்னல் மெலிந்துவிடும். மாந்தோப்பில் இது இன்னும் முக்கியம். மாமரம் வருடம் முழுக்க அடர்த்தியாக இலை வைத்திருக்கும், இலையில் உள்ள தண்ணீர் சிக்னலைக் குடிக்கும், மழை நனைத்தால் இன்னும் அதிகம். ஆனால் வளர்ந்த தோப்பில் இலைக்கூட்டத்துக்குக் கீழே, அடிமரங்களுக்கு நடுவே, ஆறேழு அடி வரை வெற்றிடம் இருக்கும். ஆன்டெனாவை அந்த மட்டத்தில் வைத்தால் மாடியில் வைத்ததைவிட நெடுந்தூரம் போகும்.

மோட்டார் ரூமுக்கு வெளியே நல்ல சிக்னல் இருந்தும் ஸ்விட்ச் இணையவில்லை என்றால், அது ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் மாட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். அதை வெளியே எடுத்து பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் தீர்ந்தது. இத்தகைய ஸ்விட்ச்களும் மலிவு கேமராக்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை, அவற்றுக்கு அந்தப் பேண்டில் தனிப் பெயர் வைத்துவிடுவது நிம்மதி.

செட்டிங்கில் 2.4-க்குச் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், உள்ளே சேனல் 1 என்றால் வெளியே 6 அல்லது 11. 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை வையுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று பெட்டி முதலில் காது கொடுத்துக் கேட்கும், பிறகும் சந்தேகம் வந்தால் சட்டென்று சேனலை விட்டுப் போய்விடும். சக்தியை முழுதாகத் திறக்காமல் நடுத்தரத்தில் வையுங்கள். முழுச் சக்தி கொடுத்தால் கொட்டகையிலிருந்து ஹாலுக்கு வந்த பிறகும் போன் வெளி ஆக்சஸ் பாயின்டை விடாமல் பிடித்துக்கொண்டு தடுமாறும்.

மின்னல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கோடை இடி இங்கே சாதாரணமானது இல்லை. பக்கத்தில் எங்கோ விழும் இடி, வெளியே நீண்டு கிடக்கும் செம்புக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அது லேன் வழியாக வீட்டுக்குள் வந்து ஃபைபர் பெட்டி, டிவி என்று வரிசையாகக் கொண்டுபோகும். அந்தரத்தில் கட்டிய கேபிளுக்கு இது அதிகம், மண்ணுக்குள் போனதற்குக் குறைவு. அந்த மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் ஈதர்நெட் (லேன்) சர்ஜ் புரொடெக்டரை இரு முனையிலும் போடலாம். ஆனால் அதன் எர்த் வயர் நல்ல எர்த்துக்குக் குட்டையாகப் போக வேண்டும். எர்த் இல்லாத புரொடெக்டர் வெறும் இணைப்பான்தான்.

மோட்டார் ரூமில் தனியாக நம்பகமான கரண்ட் இருந்தால் (ஃபைபரில் பிஓஇ கரண்ட் போகாது), அல்லது தூரம் 100 மீட்டரைத் தாண்டினால், செம்பை விட்டுவிட்டு ஃபைபர் டிராப் கேபிள் போடுவதையே நான் விரும்புவேன். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது. இரு முனைக்கும் ஃபைபரையும் லேன் வயரையும் இணைக்கும் சிங்கிள் மோடு மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி வேண்டும். ஒரே இழையில் போவதும் வருவதும் என்பதால் ஒன்று ஏ, இன்னொன்று பி ஆக இருக்க வேண்டும். கடைக்காரர் இரண்டு ஏ கொடுத்துவிட்டால் விளக்கு எரியாது. உள்ளூர் கேபிள்காரரே முனைகளைப் போட்டுத் தருவார். டிராப் கேபிளில் தாங்குவதற்கென்று ஒரு இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும், அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். அது உள்ளே வந்தால் ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும்.

கேபிளே போட முடியாத இடம், நடுவில் அடுத்தவர் நிலம் என்றால், டிபி-லிங்க் சிபிஇ510 மாதிரி 5 கிகாஹெர்ட்ஸ் திசை ஆன்டெனா ஜோடி ஒன்றை எதிரும் புதிருமாக நிறுத்தலாம். ஒன்றை ஒன்று கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதோடு, 200 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஐந்தடி வரை காலியாக இருப்பது நல்லது. அறுவடை முடிந்து கவாத்து வெட்டிய கையோடு பார்த்தால் மரங்களுக்கு மேலே வழி தாராளமாகத் தெரியும், அன்றைக்கு லிங்க்கும் பிரமாதமாக இருக்கும். தளிர் விட்டு மரம் தழைத்ததும் அதே கம்பத்தில் சிக்னல் பத்துப் பதினைந்து டெசிபல் விழுந்திருக்கும். கம்பத்தின் உயரத்தை மரம் முழுதாகத் தழைத்திருக்கும்போது அளந்து, அதற்கு மேலே இன்னும் ஐந்தடி கூட்டி நடுங்கள்.